மஞ்சள் பூசிய ‘இல்லை’

டீச்சர்,

இன்று மதியம் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நம்மிடம் படித்த பிள்ளைக்குத்தான் கல்யாணம். அவள் அப்பா வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டி, “குடும்பத்தோட வந்துரணும் டீச்சர்” என்றார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, வாசனை இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை யார், எந்த ஊர், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று எதையும் நான் பார்க்கவில்லை. பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பின்பக்கமும் பூவும் கொடியுமாக அச்சடித்து வைத்திருந்தார்கள். “சே, வீணாப் போச்சே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து, பையிலிருந்த கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் என் சாம்பார் ஆறிப்போயிற்று.

எல்லாம் உங்களால் வந்த வினை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் மஞ்சள் தடவிய அட்டையைக் கண்டால் என் கை கத்தரிக்கோலைத் தேடுகிறது.

நார்த்தாமலைப் பக்கம் நம்முடையதைப் போல ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர் இருந்தாலே பெரிய விஷயம். பதவியால் நான் பெரிய டீச்சர், நீங்கள் சின்ன டீச்சர். ஆனால் நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் குழம்பும்போது, “நெட்டையா இருக்காங்கள்ல, அவங்கதான் சின்ன டீச்சர்” என்று பழைய பிள்ளைகள் விளக்கம் சொல்லும். ஒரே நீளக் கூடம், நடுவில் ஒரு பச்சைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பாடம் எடுத்தால் அந்தப் பக்கம் நீங்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டீர்கள்.

நம் சண்டை ஆரம்பித்ததே அப்படித்தான். என் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் வாசித்துக்கொண்டிருந்தது. ‘ஒரு ஊரில் ஒரு நரி இருந்தது’ என்ற வரி. ‘ஒ’ என்றது, ‘ரு’ என்றது, இரண்டையும் கூட்டி ‘ஒரு’ என்றது. பிறகு ‘ஊ’, ‘ரி’, ‘ல்’. அடுத்து மறுபடியும் ‘ஒரு’ வந்தது. இப்போதுதான் பார்த்த சொல்; ஆனாலும் முன்பின் தெரியாத ஆளைப் போல அதை மறுபடி ‘ஒ’, ‘ரு’ என்று கூட்டியது. நரி வந்து சேர்வதற்குள் எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. இருந்தாலும் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லையே, “நல்லா வாசிச்ச” என்றேன். நீங்கள் தட்டிக்கு மேலே தலையை நீட்டினீர்கள். உங்கள் உயரத்துக்கு அது சுலபம்.

“கண்ணு, கதையில யாரு இருந்தா?”

பிள்ளை திருதிருவென்று விழித்தது. நரி இருந்த விஷயமே அதற்குத் தெரியவில்லை.

“பாத்தீங்களா டீச்சர், கடைசி ஆளு பஸ்ஸுல ஏறுறதுக்குள்ள மொத ஆளு எறங்கிப் போயிர்றான்” என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுத்துக் கூட்டி வாசித்து வளர்ந்தவள். “எழுத்து சரியாத் தெரிஞ்சா சொல்லு தானா வரும்” என்றேன். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நீங்கள் விடவில்லை.

“வீட்டு ஆளுக்கிட்ட யாராச்சும் ஆதார் கார்டு கேப்பாங்களா டீச்சர்? ‘ஒரு’, ‘அது’, ‘என்ன’, ‘வந்தது’, ‘இல்லை’, இதெல்லாம் வீட்டு ஆளு. வரிக்கு வரி வருது. பாத்த ஒடனே உள்ள விட்ரணும். தெரியாத ஆளு வந்தாத்தான் நீ யாரு, எந்த ஊருன்னு கேக்கணும்.”

“அப்ப என் எழுத்துக் கூட்டலுக்கு என்ன வேலை? வாட்ச்மேன் வேலையா?”

“ஆமா. வாட்ச்மேன் இல்லாத வீடும் ஆகாதுல்ல.”

அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க என்னால் முடியவில்லை. உங்களோடு சண்டை போடுவதில் இருந்த ஒரே சங்கடம் அது.

சொல் அட்டை செய்யலாம் என்று நீங்கள் கிளம்பினீர்கள். சார்ட் அட்டை வாங்கினால் மூன்றாம் நாளே மடங்கிப் போகிறது. கல்யாணப் பத்திரிகை கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், ஊரில் அதற்குப் பஞ்சமும் கிடையாது. வீடு வீடாகப் போய், “முடிஞ்சு போன விசேசத்துப் பத்திரிகை இருந்தா குடுங்க” என்று கேட்டு வாங்கினீர்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, உங்கள் ஆவூர்ப் பக்கத்துச் சொந்தங்களின் சிலுவையும் புறாவும் போட்ட பத்திரிகை என்று ஒரு அரிசிப் பை நிறையச் சேர்ந்தது. வெட்டி, தடித்த பேனாவால் அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதினீர்கள். உங்கள் கையெழுத்து அழகு. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

முதல் வாரமே வம்பு வந்தது. யாரோ பையோடு சேர்த்துக் கொடுத்ததில் ஒரு கருமாதிப் பத்திரிகை கலந்துவிட்டது. முன்பக்கம் பார்க்காமல் அதன் பின்னால் ‘வா’ என்று எழுதி ஒரு பிள்ளையிடம் கொடுத்து, வீட்டில் போய் வாசித்துக் காட்டு என்று அனுப்பிவிட்டீர்கள். மறுநாள் காலை அதன் அம்மா அட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏன் டீச்சர், எம்புள்ளைய எங்கிட்டு கூப்புடுறீங்க?”

நான் தட்டிக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நீங்கள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அதற்குப் பிறகு எழுதுவதற்கு முன் ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்தையும் வாசித்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அந்த வருஷம் இந்த வட்டாரத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது எனக்கு அத்துப்படி ஆயிற்று.

இதையெல்லாம் நீங்கள் தொடங்கியது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். ஆனால் உங்கள் மனதில் இருந்தவள் பிரின்சி. உங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளை. அப்பா குவைத்தில் டிரைவர். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ‘அம்மா’வைக்கூட ‘அ’, ‘ம்’, ‘மா’ என்று கூட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை அவளை எழுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வரியை முடிக்கவே வெகுநேரம் ஆகியிருக்கிறது. நடுவிலேயே ஒரு குறும்புக்காரப் பயல் “ஆமென்” என்று முடித்து வைத்துவிட்டான். கூடமே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் புத்தகத்தைத் திறப்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

இந்த விஷயம் எதுவும் தெரியாமல் அவள் அப்பா குவைத்திலிருந்து போனில், “இந்தத் திருவிழாப் பூசையில எம்மக மைக்குல வாசிக்கணும், நான் இங்கயிருந்து கேக்கணும்” என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக ஊருக்கு வராத மனிதர். அவரிடம் முடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அம்மா உங்களைத் தேடி வந்து நின்றார்.

“மன்றாட்டுல ஒண்ணே ஒண்ணு குடுத்தாப் போதும் டீச்சர். ஆனா மறுபடியும் சிரிச்சுட்டாங்கன்னா, அப்பறம் புள்ள பள்ளிக்கூடமே வாராதுங்க.”

“வாசிப்பா” என்றீர்கள் நீங்கள். யோசிக்கவே இல்லை. முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வழி தேடுவது உங்கள் வழக்கம்.

மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். உங்கள் ஊரில் அது நடக்காது என்றீர்கள். பூசை நடுவே வாசிக்கிற வேண்டுதலான மன்றாட்டை எழுதுவது அன்பியம் என்கிற தெருச் செபக் குழுப் பெண்கள். திருவிழாக் காலையில் பூ கட்டி, பந்தலுக்கு ஆள் அனுப்பி, பாயசத்துக்குச் சர்க்கரை போட்டுவிட்டு, பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில்தான் தாளையே எடுப்பார்களாம். அதுவரை அதில் என்ன வரும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாதாம். “அதுவும் நல்லதுதான் டீச்சர். ஒப்பிச்சா அது வாசிப்பா?” என்று வேறு கேட்டீர்கள்.

அதனால் நாள்தோறும் அட்டை விளையாட்டு நடந்தது. நீங்கள் அட்டையைத் தூக்கிக் காட்டுவீர்கள், பிள்ளைகள் கத்தும், சொன்னவருக்கு அட்டை. பிரின்சி மெதுவாக வாயைத் திறந்தாள். பிறகு கத்தினாள். பிறகு எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தினாள். ‘இல்லை’ அட்டையின் நுனி தெரிந்தாலே போதும், “இல்லை!” என்பாள். நீங்கள் தட்டிக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவீர்கள். அந்தப் புருவத்தை நான் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பொன்னமராவதியில் உங்கள் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு என்று லீவு போட்டீர்கள். உங்கள் வகுப்பையும் நான் பார்த்துக்கொண்டேன். அட்டைப் பையை நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவி எங்கே என்று சொல்லாமல் மறதியாகப் போய்விட்டீர்கள். அதனால் என்ன என்று நான் கரும்பலகையில் ‘இல்லை’ என்று எழுதி, “சொல்லுங்க பாப்போம்” என்றேன்.

பிள்ளைகள் என் கையில் அட்டையைத் தேடின. விளையாட்டில் எல்லோருக்கும் முதலில் நிற்கும் பிரின்சி என் முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு மெல்ல, “இ… ல்…” என்று ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் நீங்கள் வருவதற்கு முன் உங்கள் மேஜை இழுப்பறையில் கிடந்த சாவியைத் தேடி எடுத்து, பையைத் திறந்து, அதே ‘இல்லை’ அட்டையைத் தூக்கினேன். “இல்லை!” என்றாள் உடனே. கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை.

“எப்புடி கண்டுபுடிச்ச?”

“மஞ்சள் இருக்குல்ல டீச்சர், ஓரத்துல.”

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ‘வந்தது’ பளபளவென்று இருக்கும். ‘என்ன’வுக்குப் பின்னால் புறா இருக்கும். ‘அங்கே’யை மோந்து பார்த்தால் சந்தனம் மணக்கும். ‘பிறகு’ மல்லிகா அக்கா கல்யாணம். அதில் ஒரு மூலை கிழிந்திருக்கும். ஒரு பிள்ளையும் சொல்லைப் பார்க்கவே இல்லை டீச்சர். அவர்கள் எல்லோரும் பத்திரிகையை அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை உங்களிடம் மறைப்பானேன். உங்கள் புருவத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று இருந்தது. நீங்கள் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். “நான் வாசிக்கச் சொல்லிக் குடுக்கல டீச்சர், மொய் எழுதச் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் உங்கள் சிரிப்பு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

“அந்த மனுசன் ஒரு மாசமா கூட வேல பாக்குறவங்கள்ட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காராம், எம்மக வாசிக்கப் போறான்னு. நான் என்ன பண்ணுவேன்?”

உங்களை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் சந்தோஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால், விஷயம் அவ்வளவு மோசமாக எனக்குத் தோன்றவில்லை. பிரின்சிக்கு ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணத் தெரிகிறது. வாய் திறக்கவும் தைரியம் வந்துவிட்டது. நாம்தான் அவளுக்குத் தப்பான அடையாளத்தைக் கொடுத்துவிட்டோம்.

“வீட்டு ஆளு எப்பவும் ஒரே சட்டையிலேயா இருப்பாரு டீச்சர்? சட்டைய மாத்துவோம்” என்றேன். உங்கள் உவமையைத் திருடித்தான் சொன்னேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

அன்றே அட்டைப் பை பரணுக்குப் போயிற்று. ஒரே சொல்லை நூறு விதமாக எழுதினோம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில், குச்சியால் மணலில், தண்ணீரில் விரல் நனைத்துச் சிமெண்டுத் திண்டில். காய்வதற்குள் வாசித்துவிட வேண்டும் என்பது பந்தயம். நீங்கள் அழகாக எழுதினால் நான் கோணலாக எழுதினேன். அதற்கு நான் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை என்றீர்கள். வடை சுற்றி வந்த செய்தித்தாளில் எண்ணெய்க் கறைக்கு நடுவே ‘ஒரு’வைத் தேடச் சொன்னோம். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து மறுபடி சேர்த்துப் பார்க்கிற வேலையை நான் விடவில்லை. எழுத்து நன்றாகப் பதிந்த சொல்தான் சீக்கிரம் பழகுகிறது என்பதை நீங்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டீர்கள். கூட்டி வாசித்த சொல்லையே அங்கும் இங்குமாகத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்தோம். சில நாளிலேயே கூட்டாமல் வந்தது.

ஒரு காலை பிரின்சி பை குலுங்க ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்தில் பேச்சு வரவில்லை.

“டீச்சர், ரேஷன் கடையில ‘இல்லை’ இருக்கு!”

கடைப் பலகையில் யாரோ ‘பாமாயில் இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். பாமாயில் இல்லாததற்கு அந்த ஊரில் சந்தோஷப்பட்டது நாம் மூன்று பேர்தான். நீங்கள் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். முழங்கால் வலி என்று வாரம் முழுக்கப் புலம்பியது அதற்குப் பிறகு.

திருவிழா அன்று நானும் வந்தேன். கோயிலில் பிரின்சிக்கும் அவள் அம்மாவுக்கும் பின்னால், இரண்டாம் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் உங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நீங்கள் சொன்னபடியே, பூசை தொடங்கிய பிறகுதான் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் தாளைக் கொண்டுவந்து பிரின்சி கையில் கொடுத்தார். பால்பாயிண்ட் பேனாவால் அவசரமாகக் கிறுக்கிய எழுத்து. எனக்கே பாதி புரியவில்லை. நீங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தீர்கள், ஆனால் உதடு அசையவில்லை.

மைக்கை அவள் உயரத்துக்கு வளைத்தார்கள். அவள் அம்மா முன் வரிசையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்தார். சின்னத் திரையில் குவைத்து வெயிலில் ஒரு முகம் தெரிந்தது.

“எங்கள் அப்பா இங்கே இல்லை என்று வருந்தும் பிள்ளைகள் எல்லோருக்கும்…”

அருவியாகக் கொட்டவில்லைதான். ஆனால் நடந்து போகிற வேகத்தில் வந்தது. ‘எங்கள்’, ‘இங்கே’, ‘இல்லை’, ‘என்று’, ‘எல்லோருக்கும்’ என்று ஒவ்வொன்றும் அதன் பாட்டில் வந்து போயிற்று. ‘இல்லை’யில் அவள் நிற்கவே இல்லை. அந்தச் சொல்லை வாசித்தபோது அவளுக்கு அர்த்தமும் புரிந்திருக்கிறது. தாளிலிருந்து தலையைத் தூக்கி அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அடுத்த வரியில் ‘புலம்பெயர்ந்த’ என்று ஒரு சொல். அங்கே நின்றாள். அவள் தாளில் விரலை வைத்தாள். “புல… ம்… பெய… ர்ந்… த” என்று நிதானமாகக் கூட்டி, ஒருமுறை சேர்த்துச் சொல்லி, மேலே போனாள். ஒருவரும் சிரிக்கவில்லை. “ஆமென்” சொன்ன பயல் பாடகர் குழுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

என்னை வழியனுப்ப நீங்களும் ஏறிய பஸ்ஸில் கீரனூர் வரும்வரை சண்டை போட்டோம். ‘இல்லை’ உங்களுடையது, ‘புலம்பெயர்ந்த’ என்னுடையது என்று பாகம் பிரித்தோம். ‘எல்லோருக்கும்’ யாருக்கு என்பதில் தகராறு. கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அன்று பட்ட சந்தோஷத்துக்கு ஈடாக என் வேலையில் வேறு ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது.

பிறகும் நாம் ரொம்ப நாள் சண்டை போட்டோம். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். போன வருஷம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று புதுக்கோட்டைக்குப் போனீர்கள். “ரெண்டு நாள்ல வாரேன், என் வகுப்புல போய் ரொம்பக் கூட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவில்லை.

உங்கள் அடக்கப் பூசைக்கு நான் முன் வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். எப்போது எழுவது என்று பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாததால் எல்லா இடத்திலும் பிந்தினேன். மன்றாட்டு வாசிக்க பிரின்சி வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. உங்களைவிட உயரமாகிவிடுவாள் போலிருக்கிறது. மைக்கை அவளே நிமிர்த்திக்கொண்டாள். திருவிழாவானாலும் சாவானாலும் இப்போது அந்த ஊரில் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

தண்ணீராக வாசித்தாள். ‘நித்திய இளைப்பாற்றி’ என்று வந்தது. ஒரு காலத்தில் அது அவளை அரை நாள் நிறுத்தி வைத்திருக்கும். இப்போது அதைத் தாண்டிப் போனாள். அதற்கு அடுத்த சொல்லில் நின்றாள்.

அடுத்த சொல் உங்கள் பெயர்.

நம் பள்ளிச் சுவரில் ஆசிரியர்கள் என்று போட்டு, என் பெயருக்குக் கீழே நீல எழுத்தில் எழுதியிருந்த பெயர். ஐந்து வருஷம் தினமும் காலையில் அதன் எதிரில்தான் அவள் வரிசையில் நின்றாள். தெரியாத சொல்லா அது? மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. என் பின்னால் யாரோ மெல்ல எடுத்துக்கொடுக்கப் போனார்கள். நான் திரும்பி, வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அவள் தாளில் விரலை வைத்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள். நிறுத்தினாள். அடுத்த எழுத்து. மூன்றாம் வகுப்பில் என் முன்னால் நின்று வாசித்த அதே வேகத்தில், ஒவ்வொன்றாக, குரல் உடைய உடைய உங்கள் பெயரைக் கூட்டி முடித்தாள். பிறகு ஒருமுறை சேர்த்துச் சொன்னாள். நான் அழுதேன் டீச்சர்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். அவள் வகுப்பில் நேற்று ஒரு பிள்ளை வாசித்தது. வேகமாக வந்து, சுலபமான ஒரு சொல்லில் நின்றது. “தெரிஞ்சதுதானே, சொல்லு சொல்லு” என்று அவள் அவசரப்படுத்தினாள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் எழுந்து போய், தட்டிக்கு மேலே எட்டாமல் பக்கவாட்டில் தலையை நீட்டி, “இருக்கட்டும்மா, புள்ள வரட்டும்” என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிள்ளை அந்தச் சொல்லை மெல்ல, எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.